ஃப்ரீகேடில் ஹாலோ சட்டம் வரைவது: நாலு வருடம் பழகியவன் சொல்வது

கூலிமிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான்: "அண்ணே, தைப்பூசத்துக்குக் காவடிச் சட்டம் ஒண்ணு செய்யணும். வரையறதுக்கு ஃப்ரீகேட் போதுமா, இல்ல காசு போட்டு வேற வாங்கட்டுமா?"

சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வருவதில் பாதி செம்பனைத் தோட்டத்து வேலைதான். குலை ஏற்றும் சின்ன வண்டி, உர மூட்டை வைக்கும் தாங்கி, கேட். பெரும்பாலும் ஒன்றரை அங்குல ஹாலோ, அதாவது உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய். நாலு வருடமாக எதையும் ஃப்ரீகேடில், அதாவது கணினியில் பாகங்களை வரைய உதவும் இலவச மென்பொருளில், வரைந்து பார்க்காமல் நான் இரும்பை வெட்டுவதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். ஸ்கெட்சில், அதாவது அதன் கோட்டுப் படத்தில், வெறும் கோடுகளாகச் சட்டத்தைப் போட்டுவிட்டு, ஃப்ரேம்ஃபோர்ஜ் என்ற ஆட்-ஆனில் (ஃப்ரீகேடோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கருவி) அந்தக் கோடுகளைத் தேர்ந்தெடுத்து ஹாலோவின் அளவைக் கொடுத்தால் போதும், இரும்பு எழுந்து நிற்கும். மூலைக்கு 45 டிகிரி வெட்டும் போட்டுத் தரும். இப்படி வரைந்து வெட்டிய முதல் சட்டத்தைத் தரையில் பரப்பியபோது நாலு மூலையும் வெளிச்சம் புகாமல் சேர்ந்தன. அப்பா டேப்பை எடுத்து இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தார். இரண்டும் ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெல்டிங் கண்ணாடியைத் தேடப் போனார். எனக்கு அது போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரைவது குழாயின் நடுக்கோடு. 38 மில்லி ஹாலோவில் அகலம் 900 என்று போட்டால் வெளியளவு 938 வரும். வெட்டும் தட்டு ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறக்குறைய 3 மில்லியைத் தின்றுவிடும். 20 அடிக் குழாயில் எட்டு வெட்டு என்றால் 24 மில்லி போச்சு. இதையெல்லாம் நாம்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். வண்டி கேட்டவர் வந்து, "இன்னும் ரெண்டு அங்குலம் அகலமா வைங்க" என்பார். ஸ்கெட்சில் ஓர் எண்ணை மாற்றினால் முடிய வேண்டிய வேலை. ஆனால் ஃப்ரீகேட் குழாயின் பக்கங்களை எண் போட்டுத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது: ஃபேஸ் 5, ஃபேஸ் 6 என்று. குழாயின் வடிவம் மாறினால் எண்களும் இடம் மாறலாம். ஃபேஸ் 6 வரை வெட்டு என்று சொல்லிவைத்த குறுக்குக் குழாய், வேறொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இதற்குப் பெரிய வைத்தியமே பார்த்தார்கள். பாகங்களைத் திரையிலேயே பூட்டிப் பார்க்கும் அசெம்ப்ளியும் அதில்தான் உள்ளேயே வந்தது: ஒரு பாகத்தை அசையாமல் நிறுத்தி, அச்சையும் சக்கரத்தையும் மாட்டிச் சுழற்றி, எங்கே உரசும் என்று வெல்டிங்குக்கு முன்பே பார்க்கலாம். நியாயமாகச் சொன்னால், பழைய தொல்லையில் கால்வாசிகூட இப்போது இல்லை. ஆனால் அந்தக் கால்வாசி எப்போதும் ஆள் வந்து வாசலில் நிற்கும்போதுதான் வருகிறது. காசு வாங்காமல் இவ்வளவு செய்து தருகிறவர்களைத் திட்ட மனம் வராது, திட்டாமலும் இருக்க முடியவில்லை.

தம்பி, உனக்குப் பதில்: இந்தத் தைப்பூசத்துக்கு ஃப்ரீகேட் வேண்டாம். பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, அதன் மேலேயே குழாயை வைத்து வெட்டு. தோள் அளவுக்கு ஏற்றபடி காவடிச் சட்டம் கடைசி வாரம் வரை மாறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஃபேஸ் எண்ணோடு மல்லுக்கு நிற்காதே. காசு போட்டு வேறெதுவும் வாங்கவும் வேண்டாம். விழா முடிந்த மறுநாள் ஃப்ரீகேடை இறக்கி, அதே சட்டத்தை வரைந்து பார். கன அளவைக் கன சென்டிமீட்டரில் எடுத்து, அலுமினியத்துக்கு 2.7, இரும்புக்கு 7.85 என்று பெருக்கினால் கிராமில் எடை வந்துவிடும். அடுத்த வருடம் தோளில் எவ்வளவு ஏறும் என்று குழாய் வாங்குவதற்கு முன்பே தெரியும்.

எனக்கு நாளை காலை ஒரு வண்டிக்கு இரும்பு வெட்ட வேண்டும். இரண்டு அங்குலம் கூட்டியதில் நாலு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இன்றிரவு அவற்றைச் சரிசெய்துவிட்டுத்தான் படுக்கை.