கோபியில் பத்து நாள்: அம்மாவின் வலது கண்

மெல்போர்னில் இருந்து ஊருக்கு, கோபிசெட்டிபாளையத்துக்கு, வந்த மறுநாளே அம்மா சொன்னார்: "அம்மிணி, வலது கண்ணுல புகை படிஞ்சாப்ல இருக்குது. டிவில ஆளுங்க மூஞ்சியே தெரிய மாட்டேங்குது." மூன்று வாரமாகவே அப்படித்தானாம். பக்கத்தில் ஓரிடத்தில் காட்டியதற்கு, கண்புரை முற்றட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கவே இல்லை. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோவையில் ஒரு கண் மருத்துவமனைக்குக் காலை எட்டு மணிக்குப் போனோம். விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் முடிந்து, பதினொன்றரைக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாயான சிரையில் அடைப்பு. ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் தமனியும் சிரையும் குறுக்கே தாண்டும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறைதான். பிரஷரால் தமனி கெட்டிப்பட்டால் சிரையை அமுக்கும். ரத்தம் தேங்கி உறையும். அம்மாவுக்கு இது எங்கள் ஊர்ப் பாசன வாய்க்காலான தடப்பள்ளியை வைத்துச் சொன்னதும் பிடிபட்டது. அடைத்தால் தண்ணீர் கரை கசிந்து வயலில் ஏறுமே, அப்படி விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் ஏறிவிட்டது. அன்றைக்கே கண்ணுக்குள் ஊசி போட்டார்கள்.

"ஊசி வீக்கத்தைத்தான் வத்த வைக்கும், ரத்தத்தையும் பாத்துருங்க" என்றார் டாக்டர். சர்க்கரை, கொழுப்பு, அப்புறம் ஹோமோசிஸ்டைன் என்று ரத்தத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம். எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். பல பேர் ஊசியோடு நின்றுவிடுகிறார்கள்.

மறுநாள் ஆறரைக்கு லேப் பையன் வீட்டுக்கே வந்தான், கையில் ஐஸ் பெட்டியோடு. எதற்கு என்று கேட்டேன். "எடுத்த பொறவும் சிவப்பணுவுல இருந்து ஹோமோசிஸ்டைன் வந்துட்டே இருக்குமுங்க. ஐஸ்ல வெச்சு சீக்கிரம் பிரிக்கலீன்னா அளவு ஏத்திக் காட்டிருமுங்க." குழாயை ஐஸுக்குள் அமுக்கி வைத்துவிட்டுத்தான் காசே வாங்கினான். அவ்வளவு அக்கறை.

ஹோமோசிஸ்டைன் அளவு 24 வந்தது; 15க்குள் இருக்க வேண்டும். பி12 வைட்டமின் குறைவு; அது குறைந்தால் ஹோமோசிஸ்டைன் கூடும். அம்மா சுத்த சைவம், அதுவும் காரணமாக இருக்கலாம். ஹோமோசிஸ்டைன் கூடினால் ஆக்சிஜனின் கேடான வடிவங்கள் பெருகி ரத்தக்குழாயின் உட்சுவரை அரிக்கும், ரத்தம் உறைவதற்கு அது வழிவிடும். விழித்திரையோ ஆக்சிஜனை ஏகமாகச் செலவழிக்கும் திசு. ரத்த ஓட்டம் நின்றால் அது சீக்கிரம் அடிபடும். குளுட்டத்தியோன் போன்ற உடம்பின் சொந்தக் காவலும் அப்போது ஈடுகொடுக்காது. இதையெல்லாம் நேரடியாக அளக்கும் சோதனைகள் ஆராய்ச்சிக் கூடங்களோடு சரி, சாதாரண லேபில் செய்வதில்லை. ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரை வாங்கலாமா என்று அத்தை கேட்டார். அடைப்பை அது எடுக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பி12 குறைவுக்கு மட்டும் மாத்திரை, அப்புறம் பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது.

அடுத்த ஊசிக்கு நான் இருக்க மாட்டேன், சித்தப்பா மகன் கூட்டிப் போகிறான். ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் தேதி வாரியாக மஞ்சப்பையில் போட்டு, சாமி அலமாரிப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.