நீதிபதியைத் தேர்ந்தெடுக்க எது மேல்: செனட் விசாரணையா, கொலீஜியமா?

தருமபுரியில் வக்கீல் நண்பர்களோடு பேச உட்கார்ந்தால் இந்தச் சண்டை வராமல் போகாது. அமெரிக்காவில் 2018-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு பிரெட் கவனாவின் பெயரை டிரம்ப் முன்வைத்ததும், செனட் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல்சபை) குழு கவனாவின் பழைய தீர்ப்புகளையெல்லாம் கிளறியது, அப்புறம் செப்டம்பர் 27 அன்று கிறிஸ்டின் பிளேசி ஃபோர்ட் என்ற பேராசிரியை கேமரா முன்னால் உட்கார்ந்து, பள்ளி வயதில் கவனா தன்னிடம் அத்துமீறினார் என்று சத்தியம் செய்து சொன்னார், கவனாவும் அன்றைக்கே கோபமாக மறுத்தார். கடைசியில் 50-48 ஓட்டில் பதவி கிடைத்துவிட்டது. பெரும்பாலும் கட்சி பார்த்து விழுந்த ஓட்டுதான், ஆனாலும் இரண்டு பக்கத்தையும் நாடே கேட்டது.

இங்கே கொலீஜியம், அதாவது மூத்த நீதிபதிகளே கூடி அடுத்த நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் குழு. 2023-ல் விக்டோரியா கௌரி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, சிறுபான்மையினரைப் பற்றிய அவருடைய பேச்சுகளைக் காட்டி வக்கீல்கள் சிலர் எதிர்த்தார்கள். பிப்ரவரி 7-ல் அவர்களுடைய மனுவை சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது, அன்றைக்கே பதவியேற்பு. பொது விசாரணை என்று ஒன்று கிடையாது.

"இத்தனை வருஷம் கழித்துச் சொன்னால் எப்படி நம்புவது?" என்று ஃபோர்டைக் கேட்பவர்கள் நம் மாவட்டத்துப் பழங்குடி கிராமமான வாச்சாத்தியைப் பார்க்கட்டும். 1992-ல் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ரெய்டு வந்து செய்த பாலியல் கொடுமையை அந்த ஊர்ப் பெண்கள் சொன்னபோது அதிகாரிகள் மறுத்தார்கள். 2011-ல்தான் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதனால் ஃபோர்ட் சொன்னது நிரூபணமாகிவிடாது, சரி. ஆனால் தாமதத்தை மட்டும் காட்டி ஒரு புகாரைத் தள்ளக் கூடாது, ஃபோர்டின் புகாரை விசாரிக்க அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்த ஒரு வாரமும் போதவே போதாது.

என்னைக் கேட்டால் திறந்த விசாரணைதான் வேண்டும், முடிவெடுக்கும் வேலை மட்டும் கட்சிக்காரர்கள் கையில் வேண்டாம்.