நிழலைக் காப்பாற்றும், நரைமுடியைக் கைவிடும்: ஐந்து வருடக் கேமரா அனுபவம்

ஷட்டர் மாற்றிக் கேமரா திரும்பி வந்த அன்றே நண்பர் கேட்டார், "விலை இறங்கியிருக்கிறதே, இப்போது வாங்கலாமா?" ஐந்து வருடமாக என் கையில் இருக்கிறது. ஃபோகஸ், பேட்டரி எதிலும் குறையில்லை. தகராறு ஒன்றே ஒன்றுதான்.

முதலில் இருட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னலோரம் பாட்டியை எடுத்த ஒரு படத்தில், பின்னாலிருந்த கதவு வெறும் கறுப்பு. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பைத் திறந்து நிழலை மூன்று ஸ்டாப் தூக்கினேன்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. தாழ்ப்பாள், அதில் மாட்டியிருந்த குடை, குடைத்துணியின் மடிப்பு வரைக்கும் மேலே வந்தது. சிக்னலைப் படிக்கும்போது சேரும் இரைச்சல் இந்த சென்சாரில் அவ்வளவு குறைவு. இன்றைக்கும் எனக்கு அது வியப்புதான்.

அதே படத்தில் பாட்டியின் முடி போய்விட்டது. ஜன்னல் பக்கத்து நரையில் ஓர் இழைகூட இல்லை, வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோல இருந்தது. ஒளி பட்டுச் சேரும் எலெக்ட்ரானைப் பிக்ஸல் ஓரளவுதான் தாங்கும். நிரம்பிவிட்டால் அதற்குமேல் விழும் ஒளிக்குக் கணக்கே கிடையாது. நெகட்டிவ் ஃபிலிம் இப்படிச் சட்டென்று அறுத்துவிடாது. 14 பிட் ராவில் வெளிச்சத்தைக் குறிக்க 16,384 படிகள், அதில் பாதி உச்சியிலுள்ள ஒரே ஒரு ஸ்டாப்புக்கு. மிக நுணுக்கமாகப் பதிவாகும் இடத்தை ஒட்டித்தான் இந்தப் பள்ளம்.

சரி, அது எல்லா சென்சாருக்கும் உள்ளதுதான். என் கோபம் திரையின் மேல். வெளிச்சம் எங்கே எவ்வளவு என்று கோடாகக் காட்டும் ஹிஸ்டோகிராமும், வெளுத்த இடத்தில் மினுக்கும் எச்சரிக்கையும், ராவை அல்ல, கேமராவே பதப்படுத்திய ஜேபெக் படத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. வெளுத்துவிட்டது என்று மினுக்கிய மேகம் ராவில் பத்திரமாக இருக்கும். சிவப்புப் பூவை எடுத்தால், பிரகாசத்தை மட்டும் காட்டும் கோடு சமத்தாக நிற்கும். சிவப்புச் சேனல் நிரம்பி இதழின் நரம்பெல்லாம் அழிந்திருக்கும். பலமுறை பொய்யாக மினுக்கியதால் நம்புவதை விட்டுவிட்டேன். பாட்டி படத்தில் மினுக்கியது நிஜம்.

அப்புறம் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தே வைத்துப் பழகிவிட்டேன். நிழலைத் தூக்க முடிவதால் அது சரிப்பட்டுவருகிறது, அந்தப் பெருமை இந்தக் கேமராவுக்கு உண்டு.

நியாயமாகப் பார்த்தால் நல்ல கேமரா. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பாட்டி போன வருடம் தவறிவிட்டார். அந்த நரைமுடியை அவ்வளவு பக்கத்தில் நான் வேறு படம் எடுக்கவில்லை.