சார்ஜர் போட்டால் மட்டும் ஆடும் டச்பேட்: மூன்று வருட லேப்டாப் அனுபவம்

புது டச்பேட் மாற்றி வந்த லேப்டாப், வீட்டுக்கு வந்து சார்ஜர் போட்ட உடனே பழையபடி ஆட ஆரம்பித்தது. கர்சர் தானாக ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. தட்டாமலே கிளிக் ஆகிறது. இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்தப் போனால் படம் பெரிதாகிறது, சிறிதாகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே சரியாகிவிடும். இதை வாங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் பெரும்பகுதி இந்த ஒரே தொல்லையோடு போனது. இப்போது தீர்ந்துவிட்டது. ஆனால் தீர்த்துக் கொடுத்தவர் லேப்டாப் கம்பெனிக்காரர் இல்லை, எலக்ட்ரீஷியன்.

மாடல் பெயரை எழுதப் போவதில்லை. உலோக மூடி போட்ட, நடுத்தர விலை லேப்டாப் எதிலும் இது வரும். வட சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பழைய வீட்டில் போர்ஷன் எடுத்து இருப்பவர்கள் பலர் இதைப் படிக்கும்போதே தலையாட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

என் வேலை டிசைனிங். எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், தீபாவளி பேனர், நடுவில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ். ஒரு எழுத்தை அரை மில்லிமீட்டர் நகர்த்த வேண்டிய வேலை. கர்சர் அதுவாக ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ‘மவுஸ் போட்டுக்கலாமே’ என்று கேட்பார்கள். போட்டேன். மவுஸ் கையில் இருக்கும்போதே டச்பேட் தன் பங்குக்குப் பொய்க் கிளிக் அனுப்பிக்கொண்டிருந்தது. விண்டோஸ் செட்டிங்கில் டச்பேட் பகுதிக்குப் போய், மவுஸ் இணைத்திருக்கும்போது டச்பேட் இயங்க வேண்டாம் என்று மாற்றிய பிறகுதான் அது அடங்கியது. கடைக்கே எடுத்துப் போய், கல்லாப்பெட்டி ஓரத்தில் வைத்துத் திருத்தம் போடும்போது மவுஸ் வைக்க ஏது இடம்?

இன்னொன்றும் இருந்தது. சார்ஜ் ஏறும்போது மூடியை விரல் நுனியால் லேசாக வருடினால் உப்புத்தாளைத் தடவுகிற மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அழுத்திப் பிடித்தால் தெரியாது. மழைக்காலத்தில் தரை ஓதம் காத்திருக்கும்போது வெறுங்காலோடு உட்கார்ந்தால் மணிக்கட்டில் சுருக்கென்று கடிக்கும்.

இந்த மெஷினின் நல்ல குணங்களையும் சொல்லிவிட வேண்டும். கீபோர்டு அருமை. இத்தனை வருடம் தமிழ் தட்டியும் ஒரு கீ கூடத் தளரவில்லை. திரையில் கண்ணாடிப் பளபளப்பு இல்லாததால் ஜன்னலோரம் உட்கார்ந்தும் நிறம் பார்க்க முடிகிறது. அடிப்பக்கத்தைத் திறந்தால் காலியாக ஒரு ராம் ஸ்லாட் இருந்தது. இன்னொரு 8 ஜி.பி. போட்டதும் பெரிய பேனர் ஃபைல்கூடத் திணறாமல் திறக்கிறது. காசிமேட்டுப் பக்கத்துக் கடல் உப்புக் காற்று எங்கள் தெருவில் சைக்கிள் செயினையே தின்றுவிடும். இதற்கு யு.எஸ்.பி. வாயில் லேசாகத் துரு வந்ததோடு சரி. ஃபேன் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் கேட்கும். தூசி இறக்கையில் அவ்வளவாகத் தெரியாது. ஃபேனுக்கும் அதன் முன்னால் இருக்கும் தகட்டுச் சீப்புக்கும் நடுவில் கம்பளித் துண்டு போலத் திரண்டு கிடக்கும். அதை எடுத்தால் சூடு சட்டென்று இறங்கும். புளோயர் அடிக்கும்போது இறக்கை சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் போய்விடும்.

பேட்டரி விஷயத்தில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். நாள் முழுக்க சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர்களுக்காக, 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இதில் உண்டு. பேட்டரி ஆயுளைக் காப்பாற்ற நல்ல வழி. என்னால்தான் அதைப் பயன்படுத்தவே முடியவில்லை. சார்ஜர் போட்டால் கர்சர் ஆடும். அதனால் முழுக்க ஏற்றி, பிடுங்கி, தீரும்வரை வேலை செய்து, மறுபடி ஏற்றி என்றே ஓட்டினேன். லேப்டாப் பேட்டரிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 300 முதல் 500 முழுச் சுற்று. அதற்குப் பிறகு கொள்ளளவு நன்றாகவே குறைந்துவிடும். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இன்று முழுதாக ஏறும் அளவும் அடுத்தடுத்து இருக்கும். எனக்கு 50 வாட்-ஹவர் இருந்த இடத்தில் 31 காட்டுகிறது. டச்பேடுக்குப் பயந்து பேட்டரியைச் சாகடித்ததுதான் மிச்சம்.

சர்வீஸ் சென்டருக்கு வருவோம். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார், வேலையும் சுத்தம். டிரைவரை அழித்துப் போட்டார், பயாஸ் அப்டேட் செய்தார், மணிக்கணக்கில் சார்ஜரில் போட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட ஆடவில்லை. “இங்க நல்லாத்தானே இருக்கு மேடம், கை ஈரமா இருந்துச்சா?” என்றார். வீட்டுக்கு வந்தால் ஆட்டம். மறுபடி கொண்டு போனதும் டச்பேடையே மாற்றிவிடலாம் என்றார்கள். வாரன்டி முடிந்திருந்தது, காசு கட்டினேன். பலன் என்ன என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு ஆறாத கோபம் இங்கேதான். அவர்கள் மேசையில் ஆடாமல் என் வீட்டில் மட்டும் ஆடுகிறது என்றால், அடுத்த கேள்வி என்னவாக இருக்க வேண்டும்? ‘உங்க வீட்ல எர்த் இருக்கா?’ எர்த் என்றால் கசியும் கரென்டை மண்ணுக்கு இறக்கும் வயர். இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவர்கள் மேசையில் எர்த் பக்காவாக இருக்கிறது. அங்கே வைத்தால் இந்தக் கோளாறு ஜென்மத்துக்கும் வெளியே வராது. இந்தியாவில் லேப்டாப் விற்கிற கம்பெனிக்கு இந்த ஊர்ப் பழைய வீடுகளின் வயரிங் எப்படி இருக்கும் என்று தெரியாதா? நன்றாக இருந்த டச்பேடைக் கழற்றிவிட்டு இன்னொன்றுக்குக் காசு வாங்கத் தெரிகிறது.

வீட்டில் சுவிட்ச் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், சார்ஜில் இருந்த லேப்டாப்பின் கீல் மேல் டெஸ்டரை வைத்தார். மங்கலாக ஒரு ஆரஞ்சு வெளிச்சம். மல்டிமீட்டரை வைத்தால் 90 வோல்ட் பக்கம் காட்டியது. “பயப்படாதம்மா, ஆளை அடிக்கிற கரென்ட் இல்ல இது. எர்த் இல்லாததால மெதக்குது” என்றார்.

அவர் சொன்னதையும் அப்புறம் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அடாப்டருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் லேப்டாப்புக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவில், மின் இரைச்சலை வடிக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர், அதாவது மின்தேக்கி, உண்டு. அதன் வழியாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில் எப்போதும் கொஞ்சம் கரென்ட் கசியும். மூன்று பின் அடாப்டர்களில் பெரும்பாலும் லேப்டாப்பின் உடம்பு எர்த் பின்னோடு இணைந்திருக்கும். கசிவு அந்த வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் அதற்குப் போக இடமில்லாமல், லேப்டாப் முழுவதிலும் வோல்டேஜ் மேலும் கீழுமாக ஊசலாடும். டச்பேட் நம் விரலைக் கண்டுபிடிப்பதும் மிகச் சிறிய மின்தேக்க மாற்றத்தை அளந்துதான். லேப்டாப்பின் வோல்டேஜ் ஊசலாடும்போது விரல் எங்கே இருக்கிறது என்று அதற்குக் குழம்பிவிடுகிறது. மட்டமான சார்ஜரில் போட்ட போனின் திரை தானாகத் தட்டிக்கொள்வதும் இதே கதைதான்.

உங்கள் வீட்டிலும் இதுதானா என்று பார்க்க ஒரு ரூபாய் செலவு வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் சந்தேகம் எர்த் மேல்தான். அடுத்து, சார்ஜர் போட்டபடியே இடது கை விரலைக் கீல் மேலோ ஒரு ஸ்க்ரூ மேலோ வைத்துக்கொண்டு வலது கையால் டச்பேடை நகர்த்துங்கள். நம் உடம்பும் லேப்டாப்பும் ஒன்றாகிவிடுவதால் கர்சர் அநேகமாக அடங்கிவிடும். நான் அவசர வேலை எத்தனையோ அப்படி இடது ஆள்காட்டி விரலை ஸ்க்ரூவில் வைத்தபடியே முடித்திருக்கிறேன். கடைசியாக, எர்த் நன்றாக இருக்கும் ஓர் இடத்தில், புது அபார்ட்மென்டோ ஆபீஸோ, அதே சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். இந்த மூன்றும் ஒத்துப்போனால் லேப்டாப்பை யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருப்பதை வைத்து எர்த் இருக்கிறது என்று நம்பவும் கூடாது. மேலே இருக்கும் பெரிய ஓட்டைதான் எர்த். நம் பிளக்கில் அந்தப் பின் நீளமாக இருப்பதே முதலில் எர்த் சேர வேண்டும் என்பதற்காக. என் பாயின்ட்டில் அந்த ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. நான் வாங்கியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிரித்தால் அதிலும் மூன்று ஓட்டைக்கு இரண்டு வயர். சில பேர் சுலப வழியாக எர்த் ஓட்டையை நியூட்ரலோடு (கரென்ட் திரும்பிப் போகும் வயர்) முறுக்கிவிடுவார்கள். யார் சொன்னாலும் அதைச் செய்ய விடாதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் லேப்டாப் மூடி, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றின் மேலும் நேராக 230 வோல்ட் வந்து நிற்கும். அது உயிர் போகிற விஷயம்.

எங்கள் வீட்டுக்காரம்மா எர்த்துக்குச் செலவு செய்ய முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ‘உங்க வாஷிங் மெஷின் கடிக்குதுன்னு சொன்னீங்களேம்மா, அதுவும் இதாலதான்’ என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் டெஸ்டரை வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை. பின்கட்டில் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, அங்கிருந்து பச்சை வயர் இழுத்தார். கடலோர ஈர மண் எர்த்துக்கு நல்லது, ஆனால் அதே உப்பு ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்பு) சீக்கிரம் அரித்துவிடும், சில வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பாயின்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் போட்டார். பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தது, எர்த் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். லேப்டாப்பைப் போட்டேன். மூடி வழுவழுவென்று இருந்தது, கர்சர் வைத்த இடத்தில் நின்றது. இப்போது 80 சதவீத வசதியைப் போட்டுவிட்டு நாள் முழுக்க சார்ஜரில்தான் வேலை. அவசரத்துக்கு இரண்டு பின் டைப்-சி சார்ஜர் போட்டால் மட்டும் பழைய சொரசொரப்பு திரும்பி வருகிறது. அதில் எர்த்தே கிடையாது. அதனால் லேப்டாப்போடு வந்த மூன்று பின் அடாப்டரை எங்கே போனாலும் பையில் வைத்துக்கொள்கிறேன்.

கீழ்ப் போர்ஷனில் கல்லூரி படிக்கும் பெண் போன வாரம் கேட்டாள்: “அக்கா, உங்க மாடல் இப்ப எட்டாயிரம் எறங்கியிருக்கு, எடுத்துடட்டுமா?” கீபோர்டு, திரை, ராம் எல்லாவற்றையும் பார்த்தால் அந்த விலைக்கு இதைவிட நல்லதைக் கைகாட்ட எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் வேண்டாம் என்றேன். ஒரு கேள்வி கேட்காமல் காசு வாங்கின இடத்துக்கு இன்னொருத்தரை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. “மத்த கம்பெனி மட்டும் கேட்டுருவாங்களாக்கா?” என்றாள். கேட்க மாட்டார்கள்தான். அதனால் என் பதில் மாறாது. அவள் எதை வாங்கினாலும் சரி, அதற்குமுன் அந்தப் பச்சை வயர் அவள் போர்ஷனுக்கும் போக வேண்டும். வீட்டுக்காரம்மாவிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.