சிங்கப்பூர் ஜூரோங் பக்கம் சயனைடு பரிசோதனை: இரண்டு கிளினிக், இரண்டு அனுபவம்

தங்க முலாம் பூசும் பட்டறையில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன், தொட்டியில் இருப்பது சயனைடு உப்புக் கரைசல். மூன்று மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காற்று உறிஞ்சும் விசிறி நின்றுபோய், ஷிப்ட் முடிவதற்குள் எனக்குத் தலைவலியும் படபடப்பும் வந்துவிட்டது.

மறுநாள் மதியம் போன முதல் கிளினிக்கில் எப்போது சுவாசித்தேன் என்றுகூட கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், நான்கு நாள் கழித்து "எல்லாம் நார்மல்" என்று அனுப்பினார்கள். ரத்தத்தில் சயனைடு சில மணி நேரத்திலேயே மளமளவென்று குறைந்துவிடும், அப்புறம் மறுநாள் எடுத்து என்ன தெரியும்? காசு கொடுத்தது போகட்டும், அந்தத் தாளை நம்பி நான் நிம்மதியாக இருந்ததுதான் இன்னும் கோபம்.

இரண்டாவது இடத்தில் இருந்த தமிழ் நர்ஸ் முதலில் கேட்டதே, "அண்ணே, சிகரெட் பிடிப்பீங்களா? மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டீங்களா?" என்றுதான். இரண்டிலிருந்தும் உடம்புக்குள் சயனைடு வருமாம். கல்லீரல் அதைத் தயோசயனேட்டாக மாற்றுகிறது, அது பாதி குறையவே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும் என்பதால் வாரத்தின் கடைசி ஷிப்ட் முடிந்ததும் சிறுநீர் கொடுக்கச் சொன்னார். பாட்டில் லேபிளில் தேதி, மணி, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதுவரை நீலப் பேனாவில் எழுதினார். புகைப்பவருக்கு ஒரே ஒரு அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று, நான் ஊருக்குப் போய் இரண்டு வாரம் வேலையில்லாமல் இருந்துவிட்டு வந்ததும், சிகரெட்டைக் கூட்டாமல் குறைக்காமல், இன்னொரு பாட்டிலும் வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வேலை வாரத்து அளவு கூடுதல்தான், ஆனால் பயப்படும்படி இல்லை.

விலை கொஞ்சம் கூடத்தான், ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகிறது. அதனால் யாராவது மயங்கி விழுந்தால் இங்கே கூட்டிவராதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995 தான். ஆஸ்பத்திரியில் சயனைடு அளவு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள், ரத்தத்தில் லாக்டேட் (செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியாதபோது கூடும் பொருள்) ஏறியிருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் பலமாக இருந்தால் உடனே விஷமுறிவு மருந்து கொடுப்பார்கள். ஹைட்ராக்ஸோகோபாலமின் என்ற அந்தச் சிவப்பு மருந்து ஏறிவிட்டால் நிறம் பார்த்துச் செய்யும் பரிசோதனைகள் குழம்பும் என்பதால், முடிந்தால் ரத்தத்தை அதற்கு முன்பே எடுத்து வைப்பது நல்லது.

சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுகிறார்கள். வெள்ளி இரவு ஷிப்ட் முடிப்பவர்கள் பாட்டிலை வியாழனே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.