தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டிய மல்டி பிளக்: வாங்கியிருந்தால் உடனே கழற்றுங்கள்

கொழும்பில் இருப்பவர்கள் மிச்சத்தை வாசிக்க முன்னர் ஒரு காரியம் செய்யுங்கள். வெள்ளை நிறம், ஐந்து பொயின்ற், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு லைட் எரியும் சுவிச், முதுகில் "13A 250V 3250W" என்று தங்க நிற ஸ்டிக்கர். இப்படி ஒரு மல்டி பிளக்கை அண்மையில் புறக்கோட்டையில் வாங்கியிருந்தால், அதைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிட்டு வந்து வாசியுங்கள்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் பழைய மாடிவீடு. ஹோலில் இரண்டே இரண்டு பிளக் பொயின்ற். அதிலும் ஒன்று அந்தக் காலத்து உருண்டைப் பின். ஃபான், வைஃபை ரவுட்டர், அம்மாவின் அயன் பெட்டி, கரண்ட் கேத்தல் எல்லாம் மற்ற ஒரு பொயின்றைத்தான் நம்பியிருக்கின்றன. அதனால் மார்ச் மாதம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய், நீட்டு வயர் வைத்த மல்டி பிளக் இரண்டு வாங்கினேன். ஒன்று எங்களுக்கு, மற்றது கொட்டாஞ்சேனையில் இருக்கும் தங்கச்சிக்கு. ஒன்று 1,850 ரூபா. பக்கத்துக் கடையில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையுடன் இருந்தது 4,600.

விலையை மட்டும் பார்த்து வாங்கியதாக நினைக்க வேண்டாம். கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்டேன். உள்ளே செம்பு வயரா? கேத்தல் போடலாமா? வொறண்டி இருக்கா? "அக்கா, இது ஃபுல் கொப்பர். கேத்தலும் அயனும் ஒண்டாவே போடலாம், மூவாயிரத்து இருநூற்றைம்பது வாட் எண்டு எழுதியே இருக்கு. ஒரு வருஷம் வொறண்டி. பயமில்லாமக் கொண்டு போங்கோ." இதுதான் அவர் சொன்னது, சொல்லுக்குச் சொல். பின்னால் இது தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

வாங்கிப் பத்து வாரம். மே மாதம், மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம். அம்மா கோயிலுக்குப் போகச் சீலை அயன் பண்ணிக்கொண்டிருந்தா. நான் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனேன். மூன்று நான்கு நிமிடம் ஆகியிருக்காது. "பிள்ளை, ஏதோ பொசுங்கிற மணம்" என்று அம்மா கூப்பிட்டா. ஓடி வந்து பார்த்தால் அலுமாரிக்குப் பின்னால் புகை. சுருட்டி வைத்திருந்த வயர் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டு, அதன் பக்கத்தில் தொங்கிய திரைச்சீலையின் கரை கருகத் தொடங்கியிருந்தது. சுவரில் இருந்த சுவிச்சை ஓஃப் பண்ண முடிந்தது எங்கள் நல்ல காலம். பிளக்கைப் பிடித்து இழுக்கப் போயிருந்தால் கை வெந்திருக்கும். அந்த பிளாஸ்டிக் அப்படிச் சுட்டது.

அம்மாவுக்கு 72 வயது. நான் வேலைக்குப் போன நேரம் தனியாகத்தான் இருப்பா. அன்றைக்கு நான் வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்னும் இரவில் யோசனை வருகிறது. கை நடுக்கம் நிற்கும் முன்பே தங்கச்சிக்குக் கோல் அடித்தேன். அவள் வீட்டில் அதே சாமான், அதில் ரைஸ் குக்கர், பக்கத்தில் தவழ்கிற பிள்ளை. "இப்பவே கழற்று, ஏன் எண்டு பிறகு சொல்றன்" என்றேன்.

அடுத்த நாள் எங்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் அண்ணா வந்து இரண்டையும் மேசையில் வைத்துத் திறந்து காட்டினார். தங்கச்சியுடையது எரியாமல் இருந்ததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வெளியே பார்க்க வயர் சுண்டுவிரல் மொத்தம். அதில் பெரும்பகுதி வெறும் பிளாஸ்டிக். உள்ளே தலைமயிர் போல மெல்லிய சில இழைகள். நிறம் செம்பு நிறம்தான், ஆனால் பிளேட்டால் மெதுவாகச் சுரண்டியதும் வெள்ளியாக வந்தது. அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசிய வயர். அலுமினியம் செம்பைப் போல மின்சாரத்தைக் கடத்தாது, சுமார் 60 சதவீதம்தான். அதனால் அதே அளவு கரண்ட் போக இன்னும் மொத்தமான வயர் வேண்டும். இவர்கள் செய்தது தலைகீழ்: மட்டமான உலோகத்தைப் போட்டு, அதையும் மெல்லிசாகப் போட்டிருக்கிறார்கள்.

கணக்கை அந்த அண்ணா ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எங்கள் கேத்தல் 2000 வாட், அயன் பெட்டி 1000 வாட். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இரண்டும் சேர்ந்து எடுப்பது ஏறத்தாழ 13 ஆம்பியர். அதாவது நாங்கள் ஸ்டிக்கரில் எழுதியிருந்த அளவைத் தாண்டவே இல்லை. 13 ஆம்பியர் தாங்க 1.25 சதுர மில்லிமீற்றர் செம்பு வயராவது வேண்டும், 1.5 என்றால் நல்லது. எங்களுடையதைச் சரியான வயருக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வயரைச் சுருட்டி வைத்ததால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் கெதியாக உருகியது என்றும் சொன்னார். அது எனக்கு முன்பு தெரியாது. நல்ல வயராக இருந்தாலும் பாரமான சாமானுக்குப் பயன்படுத்தும்போது விரித்துத்தான் வைக்க வேண்டுமாம்.

"பிளக்குக்குள்ள பியூஸ் இருக்குதே அண்ணா, அது ஏன் போகேல்ல?" என்று கேட்டேன். இருந்தது, 13 ஆம்பியர் பியூஸ். பியூஸின் வேலை தனக்குப் பின்னால் ஓடும் வயரைக் காப்பது. 3 ஆம்பியர் தாங்குமா என்றே சந்தேகமான வயருக்கு முன்னால் 13 ஆம்பியர் பியூஸைப் போட்டால், வயர் எரிந்து முடியும் வரை அந்த பியூஸுக்கு ஒன்றுமே நடக்காது. ஸ்டிக்கரில் எழுதிய பொய் வெறும் விளம்பரப் பொய் இல்லை. காவலுக்கு இருந்த பியூஸையும் அது உதவாமல் ஆக்கிவிட்டது.

அடுத்தது ட்ரிப் சுவிச். "வீட்டில ட்ரிப் சுவிச் இருக்கு, ஏதும் நடந்தா விழும்" என்று நானும் நம்பியிருந்தேன், நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறோம். அது பார்ப்பது ஒரு விஷயத்தை மட்டும்தான்: போன கரண்ட் அப்படியே திரும்பி வருகிறதா, இடையில் எங்காவது கசிகிறதா என்று. வீடுகளில் வழக்கமாக இருப்பது 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுகிற வகை. ஒரு வயர் சூடேறி உருகும்போது கரண்ட் எங்கும் கசியவில்லை, ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்புகிறது. ஆகவே ட்ரிப் சுவிச்சுக்கு ஒன்றும் தெரியாது. அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன பிரேக்கர்கள் சுவருக்குள் ஓடும் வயருக்காகப் போட்டவை. எங்களுடையது 20 ஆம்பியர், 13க்கு அது ஏன் விழப் போகிறது?

என்னை அதிகம் கோபப்படுத்தியது இன்னொரு விஷயம். பிளக்கில் மூன்று பின் இருக்கின்றன, மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த். வயரை வெட்டினால் உள்ளே இரண்டே இரண்டு இழைக்கட்டு. பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் வயர் இல்லவே இல்லை. எர்த் பின் சும்மா துளையை நிரப்ப நிற்கிறது. அயன் பெட்டியின் இரும்புப் பகுதிக்குக் கரண்ட் வந்திருந்தால் அது நிலத்துக்குப் போக வேறு வழியே இல்லை, தொடுகிறவரின் உடம்பால்தான் போயிருக்கும். ட்ரிப் சுவிச் விழுவதும் அதற்குப் பிறகுதான். இதைத் தெரிந்தே ஒருவர் செய்து, தெரிந்தோ தெரியாமலோ இன்னொருவர் விற்கிறார்.

இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அதே ஆள், ஆனால் அன்றைய "அக்கா" இல்லை. எரிந்ததைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு, "இது உங்கட கேத்தல் பிழை மிஸ்" என்றார். கேத்தல் இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது என்றேன். வொறண்டியைக் கேட்டேன். "இது செக்கிங் வொறண்டி. வாங்கேக்க செக் பண்ணித்தானே தந்தம்?" சரி, எரியாத மற்றதற்காவது காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். வயரை வெட்டியதால் அதுவும் முடியாதாம். பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எரிந்த அடையாளம், உடைவு, துரு இருந்தால் வொறண்டி செல்லாது என்று பொடி எழுத்தில் அடித்திருந்தது. மல்டி பிளக் ஒன்று பழுதாகும் வழியே எரிவதும் துருப்பிடிப்பதும்தான். அதற்கு இல்லாத வொறண்டி எதற்கு? நான் சத்தம் போட்டதும் ஆயிரம் ரூபாவை மேசையில் வைத்து "கொண்டு போங்கோ" என்றார். எடுக்கவில்லை. அந்த நேரமும் ஒரு பெரியவர் அதே பெட்டி ஒன்றைக் கையில் வைத்து விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் எரிந்த வயரைக் காட்டினேன். வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பில்லின் முன்பக்கத்தைப் பார்த்தபோதுதான் அடுத்த பிழை தெரிந்தது. "மல்டி 2 - 3700" என்று மட்டும் இருக்கிறது. கடைப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, திகதியும் இல்லை. வாங்கும்போது அதைக் கவனிக்காதது என் தவறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குகிறவர் கேட்டால் திகதி, அளவு, விலை போட்ட பற்றுச்சீட்டை வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும். கேட்க வேண்டியது நாங்கள். அதே சட்டத்தில் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்குப் பத்து வாரம் முடிந்திருந்தது, அதனால் தாமதிக்கவில்லை. அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டு, நடந்ததை எழுதி, படங்களையும் வங்கி அட்டையால் கட்டிய பதிவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அட்டையால் கட்டியிருக்காவிட்டால் நான் அந்தக் கடையில் வாங்கினேன் என்பதற்கு ஒரு சான்றும் இருந்திருக்காது. விசாரணை நடப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை, கேட்டு எழுதவும் வேண்டாம். அந்தச் சாமான் ஒரு கடையில் மட்டும் இருப்பதும் இல்லை.

இப்போது நான் எப்படி வாங்குகிறேன் என்று சொல்கிறேன். முதலில் கையில் தூக்கிப் பார்க்கிறேன். 3 மீற்றர் நீளம், மூன்று இழைக்கட்டு, ஒவ்வொன்றும் 1.5 சதுர மில்லிமீற்றர் என்றால் உள்ளே இருக்கும் செம்பு மட்டுமே ஏறத்தாழ 120 கிராம். அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு பாரம்கூட வராது. நல்லதையும் மட்டமானதையும் இரண்டு கையில் பிடித்தால் பிள்ளைகளுக்கும் விளங்கும். பிறகு வயரின் தோலில் "3 x 1.5" அல்லது "3 x 1.25" என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்க்கிறேன். எங்களுடையதில் வயரில் ஒரு எழுத்தும் இல்லை, ஸ்டிக்கரில்தான் எல்லாம் இருந்தது. ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் வைத்திருக்கிறேன். பின்கள் பித்தளையாக இருந்தால் ஒட்டாது, முலாம் பூசிய இரும்பு என்றால் ஒட்டும். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு அந்த இரும்பு இரண்டு மாதம் தாங்கவில்லை. பின்களில் மண்ணிறப் புள்ளி வந்ததை ஏப்ரலிலேயே கண்டேன், துடைத்துவிட்டு விட்டேன். துருவும் சூட்டைக் கூட்டும் என்று அப்போது தெரியாது. ஆனால் காந்தத்தை மட்டும் நம்பி வயரைத் தீர்மானிக்க வேண்டாம், அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது.

கீழே இருக்கும் இரண்டு பின்களின் அடிப்பாதி கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடியிருக்க வேண்டும். எர்த் பின் முழுவதும் உலோகமாக இருக்க வேண்டும், அதற்கு மூடல் இருந்தால் அது போலி. உருண்டைப் பின், தட்டைப் பின் எல்லாம் போகிற "யுனிவர்சல்" துளையை நான் இனித் தொடமாட்டேன். எல்லாவற்றுக்கும் இடம் விட்ட துளை எதையும் இறுக்கிப் பிடிக்காது, இளகின இடத்தில்தான் சூடு பிடிக்கிறது. பெட்டியில் இருக்கும் "CE" எழுத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அது ஐரோப்பியச் சந்தைக்காகத் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் அடையாளம், இங்கே யாரும் சோதித்ததாக அர்த்தம் இல்லை.

கேத்தலை இப்போது நேரே சுவர்ப் பொயின்றில்தான் போடுகிறோம். அந்த உருண்டைப் பின் பொயின்றையும் அண்ணா கழற்றிவிட்டு, புது வயர் இழுத்து, எர்த் பார்த்து, சதுரப் பின் போட்டுத் தந்தார். அதைச் செய்ய இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதுதான் எனக்கு மனவருத்தம்.

உங்களிடம் இருப்பது வேறு வகை, ஆனாலும் சந்தேகம் இருந்தால், பாரமான சாமான் ஒன்றைப் போட்டுப் பத்து நிமிடம் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பிறகு சுவர்ச் சுவிச்சை ஓஃப் பண்ணிவிட்டு வயரையும் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அது வேண்டாம். முறைப்பாடு செய்யப் போகிறீர்கள் என்றால் எறியாமல் பையில் கட்டி வையுங்கள். எறிவதென்றால், சுவரிலிருந்து கழற்றிய பிறகு வயரை இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிட்டு எறியுங்கள். முழுதாகப் போட்டால் குப்பையிலிருந்து யாராவது எடுத்துக்கொண்டு போய் தங்கள் வீட்டில் கொழுவுவார்கள்.