கோழித் தண்ணீர் ஹீட்டர் தட்டு: விளக்கு வைக்கத் தெரியாதவன் செய்த நல்ல பொருள்

கோழித் தண்ணீர் உறையாமல் காக்கும் தட்டுக்கு தெர்மோஸ்டாட் (குளிரைப் பார்த்துச் சூட்டைப் போட்டு நிறுத்தும் பாகம்) மாற்றி வாங்கி வந்த கையோடு எழுதுகிறேன். அதனால் கோபம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

பொருள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வட்டத் தட்டு, அதன்மேல் தகர டிரிங்கர், அதாவது கோழி தண்ணீர் குடிக்கும் பாத்திரம். குளிர் உறைநிலையை நெருங்கினால் தானாகச் சூடாகும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். 40 வாட். பத்து மணி நேரம் விடாமல் ஓடினாலும் அரை யூனிட்டைத் தாண்டாது.

எங்கள் வீடு தலைக்குந்தா பக்கம் ஒரு பள்ளத்தில். ஊட்டியில் தண்ணீர் உறையுமா என்று கேட்பவர்கள் ஜனவரியில் ஒரு ராத்திரி இங்கே தங்கிப் பார்க்கலாம். வானம் தெளிந்து காற்று அடங்கிவிட்டால் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். மேட்டிலிருந்து இறங்கும் குளிர்காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். ஆள் உயரத்தில் மாட்டிய தெர்மாமீட்டர் 2, 3 டிகிரி காட்டும்போதே புல் வெளுத்திருக்கும், திறந்த தொட்டியில் பனிக்கட்டி ஏடு கட்டியிருக்கும்.

விடிந்ததும் கூட்டைவிட்டு இறங்கும் கோழி நேரே தண்ணீருக்குத்தான் போகும். முட்டைக்கோழி ஒன்று நாளைக்குக் கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். முட்டையிலேயே முக்கால் பங்கு தண்ணீர்தானே. குடிக்கக் கிடைக்காவிட்டால் தீவனத்தையும் சரியாகத் தொடாது, அப்புறம் முட்டையும் குறையும். கோழி கம்பி முனையைக் கொத்தினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் நிப்பிள் குழாய் இந்த ஊருக்கு ஆகாது. அந்த முனைதான் முதலில் இறுகும், பிறகு குழாயே விரிசல் விடும். உறையும்போது தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் விரிகிறது, பிளாஸ்டிக் என்ன செய்யும்?

தட்டு வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. சுற்றிலும் புல் வெள்ளையாகக் கிடக்கும், கோழிகள் வரிசையாக நின்று குடிக்கும். அலகை முக்கி, தலையை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க விழுங்கிவிட்டு, அலகு நுனியில் ஒரு சொட்டு தொங்கத் தொங்க அடுத்த வாய்க்குக் குனியும். கைவிட்டுப் பார்த்தால் தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும். உறையாது, அவ்வளவுதான். அது போதும்.

இவ்வளவு யோசித்துச் செய்தவன், சூடாகிறது என்று காட்ட ஒரு விளக்கு வைத்திருக்கக் கூடாதா?

நல்ல தட்டும் செத்த தட்டும் பகலில் ஒரே மாதிரிதான். இரண்டும் குளிர்ந்தே இருக்கும், ஏனென்றால் வெயிலில் அது சூடாகவே கூடாது. வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் விடியற்காலை அந்தக் குளிரில் போய் டிரிங்கரைத் தூக்கி உள்ளங்கையை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ் கட்டிகளை கவரில் போட்டு அதன்மேல் வைத்துக் காத்திருந்து தொட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் இதற்கு எனக்குக் கிடைத்த பேச்சைத் தனியாக எழுதலாம்.

சிவப்பு விளக்கு உள்ள சுவிட்ச் ஒன்றும் மாட்டிப் பார்த்தேன். பிளக் வரை கரண்ட் வருகிறது என்று மட்டும் அது சொல்லும். இந்த ஜனவரியில் ஒரு காலை சிவப்பு ஜோராக எரிந்துகொண்டிருந்தது, கோழிகள் டிரிங்கர் விளிம்பு ஐஸை டொக் டொக் என்று கொத்திக்கொண்டிருந்தன. உள்ளே தெர்மோஸ்டாட் போயிருந்தது.

ரிப்பேர் கடைக்காரர் அடித்தட்டின் ரிவெட்டுகளை உடைத்து, பசையைச் சுரண்டித்தான் திறந்தார். திறக்கவே கூடாது என்று செய்த பொருள். "இதுக்குள்ள ஒரு நியான் பல்பு வைக்க என்ன பெரிய செலவு சார்?" என்றார். அப்படியென்றால் நீங்களே ஒன்று வையுங்களேன் என்றேன். "ஓட்டை போட்டா தண்ணி இறங்கும். கோழியும் போகும், நீங்களும் போவீங்க."

நியாயமாகச் சொன்னால் மற்றபடி குறையில்லை. துருவில்லை, வயர் தடிமன், எலி இதுவரை கடிக்கவில்லை. ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் மட்டும் மாட்டாதீர்கள். கூட்டுக்கு உள்ளேயும் வேண்டாம், ஈரம் சேர்ந்து கோழிக்குச் சளி பிடிக்கும். வெளியே தகரக் கூரைக்குக் கீழே வையுங்கள், கூரையே பாதிப் பனியைத் தடுக்கும். தட்டுக்குப் பதில் சூட்டு பல்பைத் தொங்கவிடலாம் என்பவர்கள், அது உமியில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளட்டும். உப்புத் தண்ணீர் பாட்டிலை மிதக்கவிடும் வித்தையும் உண்டு. பாட்டில் ஆட ஆட ஏடு கட்டாதாம். ஆட்டுவதற்குக் காற்று வேண்டாமா? இங்கே உறைபனி விழுவதே காற்றில்லாத ராத்திரியில்தான்.

கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் இருக்கும் சகலை, விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பழைய டயரை வெட்டிய தொட்டி போதும். சாயங்காலம் கவிழ்த்துவிட்டு, காலையில் வெந்நீர் கலந்து ஊற்றுங்கள். ஐஸ் கட்டினாலும் ரப்பரை மிதித்தால் கழன்று விழும். விடியற்காலை கரண்ட் போனாலும் கவலையில்லை. விளக்கு தேவையே இல்லாத சாமான் அது ஒன்றுதான்.

கேட்கிற எல்லாருக்கும் என் பதில் அதுதான்: வாங்காதீர்கள். குஞ்சுக் கூண்டுப் பக்கம் வைக்க நான் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், அது வேறு விஷயம்.